கல்லூரி கார்டுகளில் யார் என்.பி.ஏ.வில் தேறுவார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூனில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. ஓக்லஹோமா சிட்டி தண்டரை நடத்தியவர் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். இண்டியானா பேசர்ஸை நடத்தியவர் டைரீஸ் ஹாலிபர்ட்டன். இருவரும் கார்டுகள். ஒருவர் 2018 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 11ஆவதாகப் போனவர், மற்றவர் 2020இல் 12ஆவதாகப் போனவர். கல்லூரியில் ஒருவருக்கு ஆட்டத்துக்குச் சராசரி 14.4 புள்ளி, மற்றவருக்குக் கடைசி சீசனில் 15.2. இந்த எண்களை வைத்து இவர்கள் ஒருநாள் இறுதித் தொடரில் மோதுவார்கள் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆண்டுதோறும் மார்ச் முதல் ஜூன் வரை "இவரா, அவரா" என்று நண்பர்கள் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கார்டு என்றால் யார்? பாயிண்ட், ஷூட்டிங் என்ற பிரிவு இன்னும் இருக்கிறதா?

பேச்சில் இருக்கிறது, ஆட்டத்தில் தேய்ந்துவிட்டது. பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்குபவர் பாயிண்ட் கார்டு, பக்கத்தில் நின்று ஷாட் எடுப்பவர் ஷூட்டிங் கார்டு என்பது பழைய கணக்கு. இப்போது அணிகள் கேட்பது வேறு: பந்து இவர் கையில் இருந்தால் அணிக்கு லாபமா? பந்து இவர் கையில் இல்லாதபோதும் இவர் களத்தில் நிற்கலாமா? இரண்டுக்கும் "ஆம்" என்று வருபவர்தான் விலைமதிப்புள்ளவர். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான்.

டிராஃப்ட் எப்படி நடக்கிறது?

ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணம் பேசி எடுப்பதில்லை. வரிசைப்படி ஒவ்வோர் அணியும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு சுற்று, வழக்கமாக 60 பேர். பிளேஆஃபுக்கு வராத அணிகளுக்கு லாட்டரி மூலம் முன்வரிசை கிடைக்கும். டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் வீரருக்கு 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க மாணவர் என்றால் பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் பலர் ஒரே ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

முதல் சுற்றில் போனவருக்கு ஊதியம் அட்டவணைப்படி. முதல் இரண்டு ஆண்டு உறுதி, அடுத்த இரண்டு அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு அப்படி உறுதி எதுவும் இல்லை. இது காகித விஷயம் மாதிரித் தெரியும். ஜேலன் பிரன்சன் விஷயத்தில் இது எவ்வளவு பெரிதானது என்று பிறகு பார்ப்போம்.

கல்லூரியில் அதிகப் புள்ளி அடித்தவரைத்தானே முதலில் எடுக்க வேண்டும்?

இல்லை. அதிகம் அடித்தவரைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. புள்ளிச் சராசரி தனியாக எதையும் சொல்லாது.

மூன்று பேரைப் பாருங்கள். டேவிட்சன் கல்லூரியின் ஸ்டெஃபன் கரி 2008–09 சீசனில் ஆட்டத்துக்கு 28.6 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃபிரெடெட் 2010–11இல் 28.9, அவரும் முதலிடம். ஓக்லஹோமாவின் ட்ரே யங் 2017–18இல் 27.4 புள்ளியோடு 8.7 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்), ஒரே சீசனில் புள்ளியிலும் அசிஸ்டிலும் நாட்டுக்கே முதலாக வந்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் என்.பி.ஏ. வரலாற்றையே மாற்றினார். ஒருவர் நட்சத்திரமாகி 2021இல் அட்லாண்டாவைக் கிழக்குப் பிரிவின் இறுதிவரை கொண்டுபோனார். ஃபிரெடெட் அங்கே நிலைக்கவில்லை; சீனாவுக்குப் போய் ஷாங்காய் அணியில் ஒரே ஆட்டத்தில் 70க்கு மேல் புள்ளி எடுக்கும் ராஜாவானார்.

ஃபிரெடெட்டுக்கு ஷாட் போட வராது என்று நினைக்காதீர்கள். மூன்று புள்ளி ஷாட்டில், அதாவது தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதில், என்.பி.ஏ.விலும் அவருடைய சதவீதம் 37க்கு மேல்தான். கல்லூரியில் பந்து முழுநேரமும் அவர் கையில். தான் விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் எறிந்தார். என்.பி.ஏ.வில் அந்த உரிமையை எந்த அணியும் அவருக்குத் தரவில்லை. தரும் அளவுக்கு எதிராளியைத் தாண்டிப் போகும் வேகம் அவரிடம் இல்லை, மறுமுனையில் தடுக்கவும் முடியவில்லை. கல்லூரியில் அவர் வகித்த வேலையே மேலே அவருக்குக் கிடையாது என்றால், அந்த வேலையில் எடுத்த 28.9ஐ வைத்து என்ன செய்வது?

எனவே இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அவரவர் அணியில் அவருக்குத் தரப்பட்ட வேலை என்ன என்பதை. புள்ளி அதற்குப் பிறகு.

அப்படியானால் 2018ஐ எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். அன்றைய இரவில் யாரை எடுத்திருக்க வேண்டும்?

நல்ல பாடம் அந்த ஆண்டு. கல்லூரியிலிருந்து வந்த நான்கு கார்டுகளை வரிசையாக வையுங்கள். 5ஆவதாக ட்ரே யங்: டல்லாஸ் எடுத்து, 3ஆவதாகப் போன லூகா டான்சிச்சுக்காக அட்லாண்டாவுக்குக் கைமாற்றியது. 8ஆவதாக அலபாமாவின் காலின் செக்ஸ்டன், கிளீவ்லாந்துக்கு. 11ஆவதாக கென்டக்கியின் கில்ஜஸ்-அலெக்சாண்டர்: ஷார்லட் எடுத்து கிளிப்பர்ஸுக்கு அனுப்பியது. 33ஆவதாக வில்லனோவாவின் ஜேலன் பிரன்சன், டல்லாஸுக்கு.

செக்ஸ்டனைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு மாலை உண்டு. 2017 நவம்பரில் புரூக்ளினில் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டம். கைகலப்பின்போது பெஞ்சை விட்டு எழுந்ததற்காக அலபாமாவின் மாற்று வீரர்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஒருவர் ஃபவுலில் போனார், இன்னொருவர் காயத்தில் போனார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு மேல் மூவர் ஐவரை எதிர்த்து ஆடினார்கள். செக்ஸ்டன் 40 புள்ளி. அணி தோற்றது, ஆனால் 89–84, ஐந்தே புள்ளியில். அந்தப் பத்து நிமிடத்தில் அலபாமாதான் அதிகம் அடித்தது.

பார்க்கப் புல்லரிக்கும் ஆட்டம். ஸ்கவுட்டாக, அதாவது வீரர்களை எடைபோடுபவராகப் பார்த்தால் அது சொல்வது குறைவு. இவருக்குப் பயம் கிடையாது, மூச்சு வாங்காது, புள்ளி எடுப்பார்: இதெல்லாம் உண்மையே. என்.பி.ஏ.விலும் ஒரு சீசனில் சராசரி 24 தாண்டினார். மற்ற நால்வரையும் மேம்படுத்துவாரா என்ற கேள்விக்கு, மற்ற இருவர் மட்டுமே களத்தில் இருந்த ஆட்டத்தில் பதில் கிடைக்காது.

கில்ஜஸ்-அலெக்சாண்டர் அந்தச் சீசனைத் தொடங்கியது பெஞ்சிலிருந்து. அணியில் பந்து கேட்கும் கைகள் ஏராளம். ஜனவரிக்குப் பிறகுதான் ஆட்டம் மெல்ல அவர் கைக்கு வந்தது. மார்ச்சில் பஃபலோவுக்கு எதிராக 27 புள்ளி. 6 அடி 6 அங்குல உயரம், கைகளை விரித்தால் ஏழு அடிக்கு அரை அங்குலம்தான் குறைவு. வேகமாக ஓடுபவர் இல்லை, வேகத்தை மாற்றுபவர். ஓடி, நின்று, மறுபடி நகர்ந்து எதிராளியைத் தடுமாற வைப்பவர். இந்தத் திறமை 35 ஷாட் எடுக்கும் ஆட்டத்தில்தான் தெரியும் என்பதில்லை, பத்து ஷாட்டிலும் தெரியும். 2025இல் லீகின் சிறந்த வீரர் விருதும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அன்றைய இரவில் அவரை யங்குக்கு முன்னால் வைத்தவர் யாரும் இருந்திருந்தால் அவருக்கு வணக்கம். யங்கை எடுத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். செக்ஸ்டனைக் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு முன்னால் வைத்தது தவறு என்று சொல்வேன். அன்று இருந்த தகவலை மட்டும் வைத்தே சொல்லலாம்.

கென்டக்கியிலிருந்து வரும் கார்டுகள் ஏன் எதிர்பார்ப்பை மிஞ்சுகிறார்கள்?

ஜான் கலிபாரி பயிற்சியாளராக இருந்த 2009–2024 காலத்தைப் பற்றித்தான் இந்தக் கேள்வி வரும். ஒரே அணியில் ஏழெட்டு வருங்கால என்.பி.ஏ. வீரர்கள். ஒருவருக்கும் முழு வேலை கிடையாது. திறமையில் பாதி மூடியே இருக்கும்.

டெவின் புக்கர்தான் பெரிய உதாரணம். 2014–15 கென்டக்கி அணி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, இறுதி நால்வர் சுற்றில் விஸ்கான்சினிடம் ஒன்றே ஒன்று தோற்றது. அந்த அணியில் புக்கர் ஓர் ஆட்டம்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. சராசரி 10 புள்ளி. அவருக்கு முன்னால் தொடங்கியவர்கள் ஹாரிசன் இரட்டையர்கள். டிராஃப்டில் புக்கர் 13, ஆண்ட்ரூ ஹாரிசன் 44, ஆரன் ஹாரிசனை யாரும் எடுக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து புக்கர் பாஸ்டனில் 70 புள்ளி எடுத்தார்.

அடுத்த ஆண்டு ஜமால் மரே. பந்து டைலர் உலிஸ் கையில் இருந்ததால் மரே பெரும்பாலும் ஸ்கிரீன்களை (கூட்டாளி நின்று எதிராளியை மறிப்பது) சுற்றி ஓடி ஷாட் எடுத்தார். 20 புள்ளி சரி, அசிஸ்ட் வெறும் 2.2. "பாஸ் தெரியாதவர்" என்று அதைப் படித்தவர்கள் உண்டு. 2023 இறுதித் தொடரில் டென்வருக்காக ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்ட் கொடுத்தார்.

கென்டக்கிச் சட்டை போட்டவரெல்லாம் பொக்கிஷம் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஹாரிசன்களும் அதே சட்டைதான். வாய்ப்புக் கிடைத்த நேரத்தில் என்ன தெரிந்தது என்பதே பேச்சு. புக்கருக்குக் குறைந்த நிமிடங்களிலும் மூன்று புள்ளி 41 சதவீதம். ஷாட் எடுக்கும் முறையில் ஒரு பிசிறு கிடையாது.

மூன்று புள்ளிச் சதவீதத்தை நம்பலாமா?

ஓரளவுக்கு. கல்லூரி சீசன் சிறியது, முப்பத்தைந்து ஆட்டம். கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு கென்டக்கியில் 40 சதவீதம் என்று பார்த்தால் அபாரமாகத் தெரியும். ஆனால் ஆண்டு முழுவதும் அவர் எடுத்த மூன்று புள்ளி ஷாட்டுகள் 57தான். நான்கு பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் 33 சதவீதம் ஆகியிருக்கும். மறுபக்கம் யங் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் எடுத்து 36 சதவீதம். அதிலும் பல ஷாட்டுகள் கோட்டுக்கு நாலைந்து அடி பின்னாலிருந்து, கை முகத்துக்கு நேரே நிற்கும்போது. 36 சிறிய எண். 40ஐவிடப் பெரிய சான்று.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, தன் கை மட்டுமே பேசும் இடம் அது. டைரீஸ் மேக்ஸி கென்டக்கியில் மூன்று புள்ளியில் 29 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 83. ஷாட் வராதவர் என்று 21ஆவது இடம் வரை தள்ளினார்கள். என்.பி.ஏ.வில் இரண்டாம் ஆண்டே மூன்று புள்ளியில் 42 சதவீதத்துக்கு மேல். லான்சோ பால் கதை தலைகீழ்: யு.சி.எல்.ஏ.வில் மூன்று புள்ளியில் 41, ஃப்ரீ த்ரோவில் 67. லேக்கர்ஸில் முதல் ஆண்டு மூன்று புள்ளி 30 சதவீதத்துக்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோ 45க்கு. பிறகு ஷாட் முறையையே மாற்றிக்கொண்டு தேறினார், அது தனிக் கதை.

இதுவும் சட்டம் இல்லை. மார்கெல் ஃபுல்ட்ஸ் 2017 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனபோது ஃப்ரீ த்ரோ 65 சதவீதம் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். பின்னால் அவர் ஷாட் குலைந்துபோனதற்குத் தோள்பட்டையில் நரம்பு அழுந்தும் நோய் காரணம் என்று 2018 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். எண்ணில் அது எங்கே தெரியும்?

உயரம் குறைந்த கார்டுகளைத் தள்ளிவிடலாமா?

வேண்டாம். ஆனால் ஏன் தப்பிப்பார் என்று ஒரு காரணமாவது சொல்லத் தெரிய வேண்டும்.

2011 டிராஃப்டில் சேக்ரமென்டோ அணி ஒரே இரவில் இரண்டு கார்டுகளைப் பெற்றது. முதல் சுற்றில் 10ஆவது ஆளான ஜிம்மர் ஃபிரெடெட், பரிமாற்றத்தில். கடைசி இடமான 60இல் 5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ். கல்லூரியில் 28.9 அடித்தவர் ஃபிரெடெட். 2016–17இல் பாஸ்டனுக்காக ஆடி என்.பி.ஏ.விலேயே 28.9 அடித்தவர் தாமஸ். எண் ஒன்றேதான், இடம்தான் வேறு. தாமஸ் எதிராளியின் தோளுக்குக் கீழே புகுந்து போகக்கூடியவர். ஃபிரெடெட் 6 அடி 2 அங்குலம் இருந்தும் அப்படிப் புக முடியாதவர்.

பிரன்சனும் 6 அடி 2தான், உயரே குதிப்பவர் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி நின்று, தோளால் இடம் பண்ணி, எதிராளி குதிக்கும்வரை காத்திருந்து எறிவார். வில்லனோவாவில் அவர் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், முதுகைக் காட்டி வளையத்துக்கு அருகில் ஆடிய ஆட்டங்கள் ஏராளம். அது மேலே எடுபடாது என்றார்கள். அதுதான் எடுபட்டது.

கை நீளத்தை மறக்காதீர்கள். ஆள் உயரத்தைவிடக் கையின் வீச்சுத்தான் தடுப்பாட்டத்தில் பேசும். மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமில், அதை அளந்து வெளியிடுவார்கள். ஒரு வாரம் முழுவதும் பேசப் போதுமான தீனி.

வயது எவ்வளவு முக்கியம்?

அணிகள் நினைக்கும் அளவுக்கு இல்லை என்பது என் கட்சி. 19 வயதுக்காரர் வளர இடம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஒரே புள்ளியை 19 வயதில் எடுப்பதும் 22இல் எடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் இந்தக் கணக்கு கார்டுகளிடம் அடிக்கடி சறுக்குகிறது. கார்டின் வேலையில் பாதி முடிவெடுப்பது, அது ஆண்டுகளில் வருவது.

2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் பிரன்சன். மூன்று ஆண்டில் இரண்டு முறை தேசிய சாம்பியன். அந்த வில்லனோவா அணியிலிருந்து நான்கு பேர் டிராஃப்டில் போனார்கள்: மிக்கல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்சோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30, பிரன்சன் 33. நாட்டுக்கே முதல்வர், தன் அணியில் நான்காவது! 21 வயது, வேகம் குறைவு, உயரம் குறைவு என்பதே வாதம். இரண்டாம் சுற்று என்பதால் ஊதியம் சொற்பம், நான்கு ஆண்டு முடிந்ததும் கட்டுப்பாடில்லாமல் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 2022இல் நியூயார்க் நிக்ஸ் நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அழைத்துக்கொண்டது. அவரை இழந்த டல்லாஸுக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. முதல் சுற்றில் எடுத்திருந்தால், அதே ஆண்டு வேறு அணி கொடுக்கும் விலையைத் தானும் கொடுத்து நிறுத்திவைக்கும் உரிமை டல்லாஸுக்கு இருந்திருக்கும்.

சின்னக் கல்லூரியில் ஆடியவரை எப்படி மதிப்பிடுவது? எதிரணிகள் பலவீனமாக இருந்திருக்குமே?

இருந்திருக்கும். ஆனால் சின்னக் கல்லூரி நட்சத்திரத்தை எதிரணி மொத்தமும் குறிவைக்கும். பக்கத்தில் பாஸ் கொடுக்க நல்ல ஆளும் இருக்காது. வெபர் ஸ்டேட்டின் டேமியன் லில்லார்ட் நான்கு ஆண்டு அப்படித்தான் ஆடினார். 2012இல் 6ஆவதாகப் போர்ட்லாந்துக்குப் போய் ஒருமனதாகச் சிறந்த புதுமுகம். லீஹை கல்லூரியின் சி.ஜே. மெக்காலம் 2012 மார்ச்சில் டியூக் பல்கலைக்கழகத்தை 30 புள்ளி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மர்ரே ஸ்டேட்டின் ஜா மொரான்ட் ஒரே சீசனில் சராசரி 20 புள்ளியும் 10 அசிஸ்டும் எடுத்த முதல் கல்லூரி வீரர். மார்க்வெட்டுக்கு எதிராக 17 புள்ளி, 16 அசிஸ்ட், 11 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது).

பெரிய அணிகளோடு மோதிய அந்த மூன்று நான்கு ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே ஷாட் தவறினாலும் பரவாயில்லை. எதிராளியைத் தாண்ட முடிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

மார்ச்சில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியில் கலக்கியவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாமா?

கொஞ்சம். 2011இல் கெம்பா வாக்கர் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரிப் பிரிவின் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், பிறகு தேசியப் போட்டியில் ஆறு, மொத்தம் 11 வெற்றி. அப்படியும் 9ஆவது இடம்தான். அணிகள் அந்த ஜுரத்தில் இப்போது அதிகம் சிக்குவதில்லை. 2025 சாம்பியன் ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் 18ஆவதாகத்தான் போனார்.

ஒரு விதிவிலக்கு: இரண்டு கார்டுகள் நேருக்கு நேர் மோதும் ஆட்டம். 2017இல் கென்டக்கியின் டி'ஆரன் ஃபாக்ஸ் 39 புள்ளி எடுத்தபோது எதிரே லான்சோ பால். டிராஃப்டில் பால் 2, ஃபாக்ஸ் 5. அந்த இரவை இன்னும் கொஞ்சம் மதித்திருக்கலாம்.

அசிஸ்ட் அதிகம் என்றால் நல்ல பாயிண்ட் கார்டுதானே?

பந்து எப்போதும் ஒருவர் கையில் இருந்தால் அசிஸ்ட் தானாக ஏறும். யங்குக்கு 8.7 அசிஸ்ட், கூடவே ஐந்துக்கு மேல் டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). அவ்வளவு சுமையைத் தூக்கியவருக்கு அது மன்னிக்கக்கூடியது.

எனக்குப் பிடித்த எண் ஹாலிபர்ட்டனுடைய முதல் ஆண்டு எண். ஐயோவா ஸ்டேட்டில் 6.8 புள்ளி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 3.6 அசிஸ்ட், 0.8 டர்னோவர். பந்தைத் தொட்ட நொடியிலேயே அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார், தப்பாகவும் அனுப்ப மாட்டார். அடுத்த ஆண்டு வேலை கூடியதும் 15 புள்ளி, 6.5 அசிஸ்ட், பிப்ரவரியில் மணிக்கட்டு முறிந்து சீசன் முடிந்தது. மார்பிலிருந்து தள்ளுவதுபோல எறியும் விசித்திர ஷாட்டைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். உள்ளே போகும் ஷாட் எப்படிப் போனால் என்ன? 42 சதவீதம் போனது.

கல்லூரி ஆட்டத்துக்கும் என்.பி.ஏ.வுக்கும் என்ன வித்தியாசம்? அது கார்டுகளை எப்படிப் பாதிக்கும்?

கல்லூரியில் 40 நிமிடம், 30 வினாடிக் கடிகாரம். மேலே 48 நிமிடம், 24 வினாடி. மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் நடுவில் 7.24 மீட்டர், கல்லூரியில் 2019–20 முதல் 6.75, அதற்கு முன் இன்னும் கிட்ட. பழைய வீரர்களின் சதவீதத்தை இன்றையவர்களோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

இவற்றைவிட முக்கியம் ஒன்று. என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காவல் காக்காமல் வளையத்தின் முன் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை. நெட்டையானவர் நடுவிலேயே குடியிருக்கலாம். ஷாட் தெரியாத கூட்டாளிகள் இருவர் இருந்தால் கார்டுக்கு உள்ளே போக வழியே இருக்காது. அதனால் கல்லூரியில் வளையத்தருகே திணறியவர் மேலே போய்ச் சுலபமாக முடிப்பது உண்டு. ஆந்தனி எட்வர்ட்ஸ் ஜார்ஜியாவில் ஏன் அவ்வளவு கடின ஷாட்டுகள் எடுத்தார் என்று கேட்டவர்கள் அவருடைய கூட்டாளிகள் எங்கே நின்றார்கள் என்று பார்க்கவில்லை.

தடுப்பாட்டம்?

கார்டை விற்கும் பொருள் அது இல்லை, ஆனால் களத்தில் நிற்க விடுவது அதுதான். பிளேஆஃபில் எதிரணி பலவீனமான ஒருவரைத் தேடிப்பிடித்து அவர் மேலேயே திரும்பத் திரும்ப ஆடும். யங்குக்கு இன்றுவரை தீராத பிரச்சினை இது.

ஐந்தாறு ஆட்டமே ஆடியவரை எப்படி ஒப்பிடுவது?

கைரி அர்விங் டியூக்கில் 11 ஆட்டம். முதல் ஆளாகப் போனார், சரியாகவே போனார். டேரியஸ் கார்லண்ட் வாண்டர்பில்ட்டில் 5. ஐந்தாவதாகப் போய் ஆல்-ஸ்டார் ஆனார். பந்தைக் கையாளும் லாவகத்தைப் பார்க்க அதிக ஆட்டம் தேவையில்லை. ஷாட்டையும் முடிவெடுப்பதையும் எடைபோடத்தான் நிறைய வேண்டும்.

2009இல் மினசோட்டா இரண்டு கார்டுகளை எடுத்துக் கரியை விட்டதே, அதுதான் வரலாற்றிலேயே மோசமான முடிவா?

5இல் ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ, 6இல் சிராக்யூஸின் ஜானி ஃபிளின், 7இல் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கரி. இந்த நகைச்சுவை பதினைந்து ஆண்டுக்கு மேலாக ஓடுகிறது. ஆனால் அன்றைய நிலையை நியாயமாகப் பாருங்கள். அந்த மார்ச்சில்தான் ஃபிளின் யுகானுக்கு (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) எதிரான ஆறு கூடுதல் நேர ஆட்டத்தில் 67 நிமிடம் ஆடியிருந்தார். வலுவான அணிகளோடு மோதிய வலுவான கார்டு. என்.பி.ஏ.வில் முதல் ஆண்டு 81 ஆட்டம், சராசரி 13.5. அடுத்த கோடையில் இடுப்பில் அறுவைச் சிகிச்சை, வேகம் திரும்பவில்லை, மூன்று சீசனில் முடிந்தது. அதை எந்த ஸ்கவுட்டும் கணித்திருக்க முடியாது.

கரியும் உடனே கரி ஆகிவிடவில்லை. 2011–12இல் கணுக்காலால் 26 ஆட்டம்தான் ஆடினார். நான்கு ஆண்டுக்கு 4.4 கோடி டாலர் என்ற, இன்று பார்த்தால் சிரிப்பு வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே அந்தக் கணுக்காலால்தான். மினசோட்டா செய்த தவறு ஃபிளினின் இடுப்பில் இல்லை. 5இல் ஒரு பாயிண்ட் கார்டை எடுத்த கையோடு, 6இல் பந்து கையில் இல்லாமலும் ஆபத்தான ஒருவரை எடுக்காமல், மறுபடி பந்து கேட்கும் ஒருவரையே எடுத்ததுதான் தவறு. டேவிட்சனில் இரண்டாம் ஆண்டு வரை கரி பெரும்பாலும் பந்தில்லாமல் ஓடி ஷாட் எடுத்தவர். அந்த ஆண்டு 162 மூன்று புள்ளி அடித்துக் கல்லூரிச் சாதனையை முறியடித்தார். ரூபியோவுக்குப் பக்கத்தில் நிற்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

"அடுத்த கரி", "அடுத்த பிரன்சன்" என்ற ஒப்பீடுகள் உதவுமா?

தலைப்புக்கு உதவும். முழு ஆளை ஒப்பிடாமல் ஒரு திறமையை மட்டும் ஒப்பிட்டால் பயனுண்டு.

2024இல் ரீட் ஷெப்பர்டா, ஸ்டீஃபன் கேஸலா என்ற வாதம் முடிந்துவிட்டதா?

ஹூஸ்டன் 3இல் ஷெப்பர்டை எடுத்தது, சான் ஆன்டோனியோ 4இல் கேஸலை. ஷெப்பர்ட் கென்டக்கியில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்து மூன்று புள்ளியில் 52 சதவீதம். கேஸல் சாம்பியன் அணியான யுகானில் 27 சதவீதம். எண்ணை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் கேஸலுக்கு 6 அடி 6 அங்குல உடம்பு, எதிரணியின் சிறந்த கார்டைப் பிடிக்கும் வேலை, பந்தில்லாமல் வெட்டி ஓடும் பழக்கம். முதல் நாளே அவருக்கு நிமிடம் கொடுக்க முடிந்தது, சிறந்த புதுமுக விருதும் வாங்கினார். ஷெப்பர்ட் முதல் ஆண்டில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். முன்னால் கார்டுகள் நிறைந்த, வெற்றிக்கு ஆடும் அணி அது. கரிக்கும் பிரன்சனுக்கும் எத்தனை ஆண்டு ஆனது என்பதை நினைத்தால், நான் இந்த வாதத்தை மூட மாட்டேன். இன்று ஒருவரை எடு என்றால் கேஸல்.

ஒரு கார்டின் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

எதிரணி அவரை நிறுத்த முழுத் திட்டத்தோடு வந்த ஆட்டத்தை. யங் என்றால் 2018 பிப்ரவரியின் எந்த ஆட்டமும் சரி. ஓக்லஹோமா 14–2 என்று தொடங்கி 18–14 என்று முடிந்த சீசன் அது. தேசியப் போட்டியில் ரோட் ஐலண்டிடம் கூடுதல் நேரத்தில் 83–78 என்று தோற்று வெளியேறியபோது அவருக்கு 28 புள்ளி, 7 அசிஸ்ட். இருவர் வந்து மறிக்கிறார்கள், பந்தைக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கணத்திலிருந்து பந்தைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். வெட்டி ஓடுகிறாரா, ஸ்கிரீன் வைக்கிறாரா, மூலைக்குப் போய் ஆளை இழுக்கிறாரா? யங் பெரும்பாலும் நின்றார். அட்லாண்டாவில் பயிற்சியாளர்கள் மாறிய பிறகும் அவர்மேல் சொல்லப்பட்ட குறை அதுவாகவே இருந்தது.